"நூல் காசு மட்டும் குடு, போதும்" என்று சொல்லாதீர்கள்

"அக்கா, ஆரி கிளாஸ் முடிச்சிட்டேன். ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு வாங்கலாம்?"

ஆரி என்றால் கொக்கி ஊசியால் துணியில் சங்கிலித் தையலும் முத்தும் கல்லும் போடுகிற கைவேலை. இந்தக் கேள்வி இன்பாக்ஸுக்கு வராத வாரமே இல்லை. ஒவ்வொருவருக்காகத் தட்டி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

கேட்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு தொகையை மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். "ஆயிரத்தைந்நூறு சொல்லலாமாக்கா, அதிகமோ?" அந்த 'அதிகமோ'தான் என்னை எரிச்சல்படுத்துகிறது.

சரி, கணக்குப் போடுவோம். சுமாரான கல்யாண பிளவுஸ் ஒன்று. முன் கழுத்து, பின் கழுத்து, இரண்டு கை. ஜரி, சர்தோசி, சர்க்கரை முத்து, கட் பீட்ஸ், குந்தன் கல் என்று சாமானுக்கே 800 ரூபாய் ஆகிவிடும். டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, பவுடரை மண்ணெண்ணெயில் கரைத்துத் துணியில் இறக்கி முடிப்பதற்குள் அரைநாள் போய்விடும். பிறகு ஃப்ரேமில் கட்டி உட்கார்ந்தால், கை பழகினவருக்கே எல்லாம் சேர்த்து நாற்பது மணி நேரம் பிடிக்கும். இதற்கு 3,000 ரூபாய் வாங்கினால், சாமான் போக மணிக்கு 55 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 440. எங்கள் மதுரைப் பக்கம் அந்தக் கூலிக்குச் சித்தாள் வேலைக்குக்கூட யாரும் வரமாட்டார்கள். நீங்கள் சொல்ல நினைத்த ஆயிரத்தைந்நூறுக்கு மணிக்குப் பதினேழரை ரூபாய்தான். இதில் ட்யூப் லைட்டுக்கு ஆன கரண்ட், கழுத்து வலி, கண்ணாடி பவர் எதையும் நான் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே வருகிற பதில், "வீட்டுல சும்மா இருக்கிற நேரம்தானேக்கா". யார் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள்? காலை சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்கு மாத்திரை, துணி துவைப்பது எல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற அந்த மூன்று மணி நேரம், தூங்கி எழ வேண்டிய நேரம். அதை விற்கும்போது இன்னும் கூடுதலாகத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய பூட்டிக்குகளின் மாடியில் போய்ப் பாருங்கள். நீளமான ஃப்ரேமைச் சுற்றி உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறவர்கள் பல இடங்களில் ஆண்கள், நிறையப் பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நாள் கூலி உண்டு, நேரம் கூடினால் கூடுதல் காசு உண்டு. அவர்கள் வாங்குவதும் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அவர்களிடம் யாரும் போய் "பொழுதுபோக்காத்தானே செய்றீங்க, பாத்துப் போடுங்க" என்று கேட்பதில்லை. இந்தக் கொக்கி ஊசியே குஜராத்தில், கட்ச் பக்கத்தில், தோல் தைத்த மோச்சி சமூகத்தாரின் கையிலிருந்து துணிக்கு வந்ததுதான். அரண்மனைக்குத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். ஆக, ஆரி பிறந்ததே தொழிலாகத்தான். நம் வீட்டு ஹாலுக்குள் வந்த பிறகுதான் அதற்கு 'ஹாபி' என்று பெயர்.

இப்போது மெஷின். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் சில நூறு ரூபாய்க்குப் பார்க்க ஆரி மாதிரியே பிளவுஸ் கிடைக்கிறது. அதோடு விலையில் மோதப் போனால் தோற்றுத்தான் போவோம், மோதவும் தேவையில்லை. மெஷின் வேலை வேண்டும் என்கிறவர்களை நானே நல்ல கடையாகப் பார்த்து அனுப்பிவிடுவேன். என்னிடம் வருகிறவருக்கு ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். கையால் போட்ட ஆரியில் மேலே சங்கிலி ஓடும், அடியில் சின்னச் சின்னக் கோடாக ஒற்றை இழைதான் தெரியும். மெஷினில் அடிப்பக்கம் பாபின் நூல் அடர்ந்து கிடக்கும், பெரும்பாலும் அதோடு ஒரு பேப்பர் மாதிரித் துணியும் ஒட்டியிருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் வாங்கிவிடுவதில்லை. ஆனால் அப்புறம் யாரும் "அங்கே ஐந்நூறுக்குத் தர்றாங்களே" என்று பேசியதில்லை.

விலை கூடுதலாகக் கேட்டால் வேலையும் அதற்குத் தக்க இருக்க வேண்டும். சங்கிலித் தையலை முடிக்கிற இடத்தில் முடிச்சு சரியாக விழாவிட்டால், கல்யாண மேடையில் ஒரு வளையல் கொக்கி மாட்டினால் போதும், நூலைப் பிடித்து இழுத்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். கிளாஸ்களில் இருபது விதப் பூ சொல்லித் தருகிறார்கள். முடிச்சை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

அதே மாதிரி, டெய்லர் அளவு போட்டுக் கொடுக்காமல் துணியை ஃப்ரேமில் ஏற்றவே ஏற்றாதீர்கள். தையல் வரும் கோட்டிலிருந்து அரை அங்குலமாவது விட்டுத்தான் முத்து வைக்க வேண்டும். கோட்டின் மேலேயே வைத்தால் மெஷின் ஊசி உடையும், டெய்லர் திட்டுவார், கடைசியில் அவரே சுத்தியலால் முத்தை நொறுக்கிவிட்டுத் தைப்பார். உங்கள் வேலையை அடுத்த ஆளிடம் சொல்லப்போவது அந்த டெய்லர்தான். இன்ஸ்டாகிராம் ரீல்ஸைவிட எனக்கு அதிக ஆர்டர் கொண்டுவந்தது இரண்டு தெரு தள்ளியிருக்கிற டெய்லர் அண்ணன்.

முன்பணம் பாதி வாங்காமல் ஊசியை எடுக்காதீர்கள். துணி அவர்களுடையது, பட்டு. கறை பட்டால், சாயம் போனால் யார் பொறுப்பு என்பதை வாங்கும்போதே பேசிவிடுங்கள், வாட்ஸ்அப்பிலேயே எழுதியும் வையுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். மதினி முறைக்காரர்கள்தான் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது "நம்ம பிள்ளைக்குத்தானே, அந்தக் கையில இன்னும் ரெண்டு வரிசை சேர்த்துப் போட்டுரு" என்பார்கள்.

இது வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடுகிற தொழில் இல்லை என்பதையும் எந்த கிளாஸிலும் சொல்வதில்லை. தை, வைகாசி, ஆவணியில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஃப்ரேம் சுவரில் சாய்ந்து கிடக்கும். 'வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம்' என்று போஸ்டர் போடுகிறவர்கள் வைகாசிக் கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பிச் சொல்கிறார்கள். அவர்களில் பலருக்கு வருமானமே பிளவுஸில் இல்லை, உங்கள் ஃபீஸில்தான். (நானும் ஆடி மாதம் கிளாஸ் எடுக்கிறேன். ஏன் ஆடி என்று இப்போது தெரிந்திருக்கும்.)

அரசாங்கப் பக்கம் சுருக்கமாக. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் ஏஜென்டுகளிடம் போகாதீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் துணிகளில் கலை வேலைப்பாடு செய்கிறவர்களும் வருகிறார்கள். 35 வயது முடிந்திருக்க வேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் ஆர்டர் இல்லாமல் கடன் வாங்கி முத்தும் கல்லுமாக டப்பாக்களை நிரப்பி வைக்காதீர்கள். மதுரையில் விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போனால் எல்லாம் கிடைக்கும்.

"காசுக்குச் செய்ய ஆரம்பித்தால் ஆசை போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். என் ஆசை அப்படியே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நானூறு ரூபாய்க்காக உட்கார்ந்து தையல் போடுகிறவர்களுக்குத்தான் ஆசை செத்துப்போகிறது.

இதையும் மீறி, "எனக்குப் பணம் பெரிசில்லக்கா, சந்தோஷத்துக்குத்தான் செய்றேன்" என்கிறீர்களா? நல்லது. அப்படியானால் சும்மாவே கொடுங்கள். தங்கை கல்யாணத்துக்கு, தோழி வளைகாப்புக்குப் பரிசாகப் போட்டுக் கொடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. விற்பதென்றால் முழு விலைக்கு விற்றுவிடுங்கள். "நூல் காசு மட்டும் குடு, போதும்" என்கிற அந்த நடுவழி மட்டும் வேண்டாம். உங்கள் வீட்டில் சம்பளம் வருகிறது. அடுத்த தெருவில் புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை இதே ஊசியை வைத்துப் படிக்க வைக்கிற ஒருத்தி இருக்கிறாள். உங்களிடம் எழுநூறுக்கு வாங்கியவர் அடுத்து அவளிடம்தான் போய் நிற்பார், உங்கள் விலையைச் சொல்லி.

கமென்டில் ரேட் கேட்காதீர்கள், துணியும் டிசைனும் பார்க்காமல் சொல்ல முடியாது. முடிச்சு போடுவது எப்படி என்று கேளுங்கள், வீடியோ எடுத்துப் போடுகிறேன்.