அவள் பொய்க்காரி இல்லை

நேற்று ஒருவர் போட்ட பதிவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். சங்க இலக்கியமான கலித்தொகையின் 51ஆம் பாட்டைப் பாடத்தில் வைக்கக் கூடாதாம், அது பெண் பிள்ளைகளை அம்மாவிடம் பொய் சொல்லப் பழக்குகிறதாம். அதற்கு அத்தனை ஆமோதிப்பு! இன்னும் மனசு ஆறவில்லை.

மொத்தமே 16 அடி. தண்ணீர் கேட்டு ஒருவன் வாசலுக்கு வருகிறான். பொன் சிரகத்தில் (தண்ணீர்ப் பாத்திரத்தில்) கொண்டுபோய்க் கொடு என்று மகளை அனுப்புவதே அம்மாதான். அவன் வளைக்கையைப் பிடித்ததும் பதறிப்போய் அவள் கத்துவது உண்மை: ‘அன்னாய், இவனொருவன் செய்தது காண்!’ அம்மா அலறிக்கொண்டு வந்த பிறகுதான் ‘உண்ணுநீர் விக்கினான்’, அதாவது தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்ற பொய். உண்மை பதற்றத்தில் தானாக வந்துவிட்டது. பொய்யை அவள் யோசித்துச் சொன்னாள்.

அந்தப் பொய்யை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் ‘சிறுபட்டி’ (அடங்காத பயல்), முடிவில் ‘கள்வன் மகன்’, எல்லாம் வசவு. அவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிவது அந்த ஓர் இடத்தில்தான். பொய்தான் அவள் மனசைச் சொல்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு பாத்திரம் பொய் சொன்னால் யாரிடம் சொல்கிறது, யாரைக் காக்கச் சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இவள் புதிதாக எதையும் புனையவில்லை. அம்மா கொடுக்கச் சொன்ன தண்ணீரையே காரணமாக்கினாள். அதனால்தான் அம்மா சந்தேகப்படாமல் அவன் முதுகை நீவிவிடுகிறாள். அதே பெண் தோழியிடம் எதையும் மறைக்கவில்லை. பாட்டே ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ (ஒளிரும் வளையல்காரியே, கேள்) என்று தோழியை அழைத்துத்தானே தொடங்குகிறது?

‘கையைப் பிடித்தது அத்துமீறல் இல்லையா?’ நியாயமான கேள்வி. ‘நலிய’ (வருத்த) என்ற சொல் பாட்டிலேயே இருக்கிறது, அதை நான் மழுப்பப் போவதில்லை. அதற்கு அவனைத் திட்டுங்கள், அவளை ஏன் திட்டுகிறீர்கள்? ‘பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்பவர்களுக்குப் பதில் சொல்லவே தோன்றவில்லை. களவை, அதாவது மறைவான காதலை, வீட்டாருக்குத் தெரிவிக்கும் அறத்தொடு நிலையைத் தொல்காப்பியம் 7 வகையாகச் சொல்கிறது. அதில் உள்ளதை உள்ளபடி சொல்லும் ‘உண்மை செப்பல்’ ஒன்றே ஒன்றுதான்.

கெடுக்கிற பொய் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைக்குப் போங்கள். ஊடலை மறைத்துத் தலைநோய் என்று பாண்டிய அரசனின் தேவி எழுந்து போகிறாள். அவளைத் தேடி விரையும் அரசனை வாசலில் பிடித்து, தான் திருடிய சிலம்பைக் கோவலன் தலையில் கட்டுகிறான் பொற்கொல்லன். ‘இவன் கொலைப்படு மகனலன்’ (கொல்லத்தக்கவன் அல்லன்) என்று காவலர் தயங்கியதும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் திருட்டுக்கான 8 துணைகளை அடுக்கி ஒரு பாடமே நடத்துகிறான். கலித்தொகைப் பெண் மூன்று சொல்லில் முடித்தாள். இவனுக்கு எவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்! அவள் பொய்யில் ஒருவன் தப்பித்தான், இவன் பொய்யில் ஒருவன் வெட்டுண்டான். இரண்டையும் ஒரே பெயரிட்டு எப்படி அழைக்க முடிகிறது உங்களால்?

அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று எழுதியவர் 11ஆம் அடியை மட்டுமாவது ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். அவள் முதலில் உண்மையைத்தான் கத்தினாள்.