சீனப் பள்ளியில போட்டா மட்டும் போதுமா?

போன வாரம் ஒரு கல்யாணத்துல சொந்தக்கார அக்கா ஒருத்தவங்க கேட்டாங்க, "மகள அடுத்த வருசம் சீனப் பள்ளியில போடப் போறேன், உன் பையன் சீனம் பொளந்து கட்டுறானே, கஷ்டம் ஒண்ணும் இல்லல்ல?"ன்னு. பந்தியில வச்சு எப்படி சொல்றது, சிரிச்சு சமாளிச்சிட்டேன். இப்ப சொல்றேன், நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

பையன் இங்க மலேசியாவுல, சீன மொழியில பாடம் நடத்துற ஆரம்பப் பள்ளியில மூணாம் ஆண்டு. நானும் அவங்கப்பாவும் தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க, ஒரு சீன எழுத்து தெரியாது. முதலாம் ஆண்டு ஆரம்பத்துல ஹோம்வொர்க் என்னன்னு போர்டப் பாத்து ஹேண்ட்புக்குல எழுதிட்டு வருவான், அதுவும் சீனத்துலதான், அவனுக்கே திருப்பிப் படிக்கத் தெரியல. போன்ல போட்டோ புடிச்சு மொழிபெயர்க்கலாம்னா அந்தக் கோணல் கையெழுத்து போனுக்கும் புரியல. ராத்திரி எட்டு மணிக்கு பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கதவத் தட்டிக்கிட்டு நின்னேன். ஒரு நாள் இல்ல, ஆறு மாசம்.

அப்புறம் திங்ஷியே, அதாவது லாவ்ஷி (டீச்சர்) சொல்லச் சொல்ல பாக்காம எழுதுறது. எந்தக் கோடு முதல்ல, எது அடுத்ததுன்னு வரிசை மாறக் கூடாது. வாங்குறதுக்கும் 'மாய்', விக்கிறதுக்கும் 'மாய்', குரல் ஏத்த இறக்கம்தான் வேற. எழுதும்போது வாங்குற 'மாய்' தலையில சிலுவை மாதிரி ஒண்ணு வச்சா விக்கிற 'மாய்' ஆயிடும். நம்மாளு சிலுவைய மறந்துட்டான், காய் விக்கிற பாட்டி காய் வாங்குற பாட்டி ஆயிட்டாங்க. சிவப்பு மையில வட்டம், அத பத்து தடவ திருத்தி எழுதணும், பத்தாவது எழுதும்போது மணி பத்தே கால், நோட்டு மேலயே தூங்கிட்டான். எட்டு வயசுப் பிள்ளைங்க.

கணக்கு நல்லா வருது, அத மறைக்கல. "சான் சீ அர்ஷி யீ"ன்னு மூவேழு இருபத்தொண்ண பாட்டா சொல்றான். ஆனா நாங்களும் தமிழ்ப்பள்ளியில வாய்ப்பாடு அப்படித்தானே கத்தினோம்? பத்தாயிரத்துக்கு அவங்களுக்கு 'வான்'னு ஒரு சொல்லு இருக்கு, முப்பதாயிரம் மூணு வான், அதுலதான் நான் இன்னும் தடுமாறுறேன்.

சீனப் பள்ளின்னாலே டிசிப்ளின், டிசிப்ளின்ங்கிறாங்க. அது சுவத்துல ஒட்டியிருக்கிற சாமான் இல்லங்க. நெறைய சீனப் பள்ளிகளுக்கு கட்டடமும் நிலமும் அந்தச் சமூகம் காசு போட்டு உண்டாக்கினது, இன்னிக்கும் டின்னர் வச்சு நன்கொடை திரட்டுறாங்க. 1987ல சீனக் கல்வித் தகுதி இல்லாதவங்கள அரசாங்கம் சீனப் பள்ளி நிர்வாகப் பொறுப்புக்கு அனுப்பினப்ப எதிர்த்து நின்னு, ஓப்பராசி லாலாங்ங்கிற போலீஸ் கைது நடவடிக்கையில உள்ள போனவங்களும் இருக்காங்க. பின்னாடி அத்தன பேர் நிக்கிறாங்க. நாம பிள்ளைய கேட்டுல இறக்கிவிட்டுட்டு, மத்தியானம் ட்ரான்சிட்ல (பள்ளி விட்டதும் பிள்ளைங்கள பாத்துக்கிற இடம்) விட்டுட்டு, மார்க்க மட்டும் கேட்டா எப்படி?

தமிழ்ப்பள்ளிக்கு ஏன் அனுப்பலன்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. பக்கத்துல இருந்துச்சு, நாளைக்கு வேலைக்கு உதவும்னு கணக்குப் போட்டோம், அவ்ளோதான். அதுக்கு விலையா ஞாயித்துக்கிழமை கார்ட்டூன நிறுத்திட்டு நானே தமிழ் சொல்லித் தரேன். போன மாசம் 'ஐ' எழுதச் சொன்னா, "எந்தக் கோடு முதல்லமா?"ன்னு கேக்குறான். இத்தன வருசமா எழுதுறேன், யோசிச்சதே இல்ல, கைய காத்துல ஆட்டிப் பாத்துட்டுதான் சொன்னேன்.

அக்கா, இதப் படிச்சீங்கன்னா போன் பண்ணுங்க. பையனோட முதலாம் ஆண்டு ஃப்ளாஷ் கார்டெல்லாம் கட்டி வச்சிருக்கேன், எடுத்துக்குங்க. உங்க பக்கத்து வீட்டுல ஆன்ட்டி யாராச்சும் இருக்காங்களான்னு மட்டும் மொதல்ல பாத்துக்குங்க.