வேர்த்தால் திருட்டுத்தனமா?

நேற்று சாயங்காலம் அக்கா பையன் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தான். பத்தாவது படிக்கிறான். பரீட்சை எழுதும்போது நெற்றி வேர்வை சொட்டி விடைத்தாளில் மை கலைந்திருக்கிறது. மேற்பார்வைக்கு நின்றவர், "எதுக்குடா இப்படி வேர்க்குது, பிட்டு வெச்சிருக்கியா?" என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவியிருக்கிறார். உள்ளே இருந்தது ஈரக் கர்ச்சீப் ஒன்றுதான்.

கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருசமாக இதே சந்தேகப் பார்வையை வாங்கிக்கொண்டிருப்பவன் நான்.

சித்திரை வெயிலில் ஈரோட்டில் வேர்த்தால் யாரும் கேட்பதில்லை. ஆடி மாசம் பல்லடம் பக்கம் காற்று ஆளையே தள்ளும், பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர் காதுக்குத் துண்டு கட்டியிருப்பார். அப்போதும் எனக்கு உச்சந்தலையில் ஊறி, காதோரம் வழிந்து, கண்ணில் இறங்கி எரியும். கை கால் எல்லாம் காய்ந்தே இருக்கும், தலையும் முகமும் மட்டும்தான். பனியன் கம்பெனிக்குச் சாம்பிள் காட்டப் போனால், "ஏன் தம்பி பதட்டம், ரேட்டை ஏத்திச் சொல்றீங்களா?" பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க, பையனுக்கு மேலுக்கு ஏதாச்சும் நோவுங்களா?" அம்மா தலை குனிந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் அறிவுரை. கொள்ளு சூடு, நிறுத்து. எண்ணெய் தேய்த்துக் குளி. மோர் குடி. எல்லாம் செய்தாயிற்று. காரமும் சூடான காபியும் வேர்வையைக் கூட்டுவது உண்மைதான், ஆனால் மூலம் வேறு. வேர்வைச் சுரப்பிகளை ஏவுகிற நரம்பு தேவைக்கு மேல் ஏவுகிறது. இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயரே இருக்கிறது. வேர்க்கிறதே, எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வந்தால் இன்னும் வழிகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் "என்ன பயம்?" என்று கேட்கிறீர்கள்!

முதலில் பார்த்த டாக்டர், "நம்மூர் வெயிலுக்கு வேர்க்காதா?" என்று அனுப்பிவிட்டார். பல வருசம் கழித்து ஒரு தோல் டாக்டர்தான் உட்கார வைத்துக் கேட்டார்: எந்த வயதில் ஆரம்பித்தது, தூக்கத்தில் வேர்க்குமா, வீட்டில் வேறு யாருக்கு? தூங்கும்போது வேர்ப்பதில்லை. வீட்டில்? அப்பாவின் தோளில் எப்போதும் நனைந்த துண்டு கிடக்கும். தோட்டத்துக்காரருக்குத் துண்டு வழக்கம்தானே என்றே இருந்துவிட்டோம். இது குடும்பத்தில் வருமாம். திடீரென்று ஆரம்பித்தாலோ, ராத்திரியில் துணி நனைந்தாலோ, எடை குறைந்தாலோ கதை வேறு, தைராய்டு, சர்க்கரை, காசநோய், சாப்பிடும் மாத்திரை எல்லாம் பார்க்க வேண்டும். நெஞ்சு வலியோடு குப்பென்று வேர்த்தால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

வைத்தியமும் இருக்கிறது. ராத்திரி காய்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவுகிற அலுமினியம் குளோரைடு மருந்து. முகத்தில் எரியும், கண்ணில் படக்கூடாது. கிளைக்கோபைரோலேட் மாத்திரை வாயை உலர்த்தும், உடம்பு முழுக்க வேர்வையைக் குறைப்பதால் வெயிலில் வேலை செய்கிறவர் கவனமாக இருக்க வேண்டும். போட்டாக்ஸ் ஊசி சில மாதம் தாங்கும், செலவு கூடுதல். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டுகிற ஆபரேஷனும் உண்டு. அதற்கப்புறம் முதுகிலும் வயிற்றிலும் வேர்வை பெருகலாம் என்பதால் எனக்கு வேண்டாம் என்றேன். மாத்திரை சாப்பிட்டதில் வேர்வை பாதி குறைந்திருக்கிறது. இதை 15 வயதிலேயே யாராவது சொல்லியிருந்தால்!

திங்கட்கிழமை பையனை அதே தோல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அதற்கு முன்னால் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். அவன் சட்டைப்பையை எல்லார் முன்னாலும் துழாவினார்கள் அல்லவா, எல்லார் முன்னாலும்தான் அவனிடம் வருத்தம் சொல்லவும் வேண்டும்.