பெட் டேமேஜைப் பாதியாக்கினா மெலீ தேறாது

ஆன்லைன் ஆட்டத்துல எதிரியைக் கிட்டப் போய் அடிக்கிற ஆளு (மெலீ), வரவழைச்சு சண்டை போட வைக்கிற துணை மிருகத்தை (பெட்) விடப் பின்தங்குறான்னு பேச்சு. "பெட் டேமேஜை (அடியோட அளவை) 50% குறைச்சா மெலீ சரியாயிடும்"னு மேலே தேவகோட்டைத் தம்பி போட்டிருக்கார். கணக்கு உதைக்குது தம்பி.

மெலீ ஆள் நொடிக்கு 1000 அடிக்கிறான்னு வைங்க. பாஸ் (பெரிய எதிரி) தரையில நெருப்பு போடும்போதெல்லாம் விலகணும். 100 நொடியில 60 தான் கை வீசுவான், சராசரி 600. பெட் 650 தான் அடிக்கும், ஆனா 95 நொடி ஒட்டியே நிக்கும்: சுமார் 617. வித்தியாசம் அடியில இல்ல, ஒட்டி நிக்கிற நேரத்துல. பாதியாக்கினா 309. அப்புறம் சம்மனரை, அதாவது பெட்டை வரவழைச்சு ஆடுற பாத்திரத்தை, யார் எடுத்து ஆடுவா?

பெட் ஒட்டி நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்துல ஹண்டர் பெட்டுக்கு பாஸோட ஏரியா டேமேஜ் (ஒரு இடம் முழுக்க விழுற அடி) 90% குறைவாத்தான் விழும். அந்தக் குறைப்பை முழுசா எடுத்தா முதல் வெடிப்புலயே பெட் காலி. டயாப்லோ 3 பிடிச்ச வழி எனக்குச் சரின்னு படுது: மெலீ வகைகளான பார்பேரியன், மாங்க் ரெண்டுக்கும் பிறவியிலேயே 30% டேமேஜ் குறைப்பு. நெருப்புல ஒரு நொடி கூட நின்னு அடிக்கலாம்.

இன்னொண்ணு, காரைக்குடியிலேருந்து சிங்கப்பூர் சர்வர்ல ஆடுறவங்க கவனிங்க. பெட்டோட நடையும் அடியும் சர்வர்லயே ஓடுது. ராத்திரி பிங் (சர்வருக்குத் தகவல் போய் வர்ற நேரம்) எகிறினா தவிக்கிறது பெரும்பாலும் மெலீதான்: ஓடுற எதிரி கைக்கெட்டுற மாதிரி தெரிவான், அடி "தூரம் அதிகம்"னு திரும்பிடும். இதுக்கு டேமேஜ் நம்பரைத் தொட்டுப் பிரயோஜனமில்ல. அடிக்கிற தூரத்தை 5 யார்டுலேருந்து 7 ஆக்கச் சொல்லிக் கேளுங்க.