கண் தெரிந்துவிட்டது, கூட்டிப் போக ஆள்?

என் அப்பத்தாவைச் சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. எண்பதுகளில் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்போதெல்லாம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முழுசாக எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாக மூக்கின் மேல் அந்தத் தடிக் கண்ணாடி. "எல்லாம் கிட்டக்க வந்து நிக்குதுடா" என்பாள். படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவித்தான் இறங்குவாள்.

போன வருடம் அம்மாவுக்கும் அதே புரை. உள்ளேயே லென்ஸ் வைத்து, மறுநாள் கட்டைப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தவள் சொன்ன முதல் வார்த்தை: "இம்புட்டு ஒட்டடையா?"

இரண்டு ஆபரேஷனுக்கும் நடுவில் எங்கள் மதுரையில் பெரிய வேலை ஒன்று நடந்திருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976-ல், 58 வயதில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர். வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்குக் கட்டாது என்று 1992-ல் ஆரோலேப் என்று ஆரம்பித்து லென்ஸையே இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது இதில் அதிகம் பேசப்படாத பகுதி. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும், கண் முகாமில் பரிசோதித்து ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. ஏன் என்று கேட்டுப் பார்த்தால், பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு ஆளில்லை, பயமாக இருக்கிறது. சரி என்று பஸ் ஏற்பாடு செய்து, சாப்பாடு போட்டு, மொத்தமாக அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ஒன்றாகப் போனால் பயமும் பாதியாகிவிடுகிறது. லென்ஸ் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த பஸ்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார், "அந்தக் காலக் கூட்டுக்குடும்பத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது" என்று. எங்கள் வீடு கூட்டுக்குடும்பம்தான். பதினான்கு பேர். அப்பத்தாவுக்குப் புரை முற்றியும் மூன்று வருடம் காத்திருந்தாள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், அத்தை கல்யாணம் முடியட்டும். பதினான்கு பேர் இருந்தும் கூட்டிப் போக ஒரு ஆள் இல்லை. அதனால் பழைய காலத்துக்காக ஏங்குவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் எனக்கு அந்த பஸ்ஸின் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது. சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவம் வீட்டிலேயே. 2024-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வருகிற பெண் பக்கத்துத் தெருக்காரர்தான். பிரஷர் பார்த்த கையோடு, "பெரியம்மா, பாத்ரூம்ல ஏன் பாசி? வழுக்கி விழுந்தா இடுப்பு எலும்புதான் போகும்" என்று அதட்டிவிட்டுப் போனார். அதே பாசியை நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெண்கள் நடக்கிற நடைக்குக் கொடுக்கிற தொகை குறைவு என்பது என் கருத்து. விருது வாங்கியவர்கள் அதையும் கவனிக்கலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஓர் அலுவலகத்தில் அம்மாவின் கைரேகை மெஷினில் விழவில்லை. எழுபத்து மூன்று வருடம் பாத்திரம் தேய்த்து, களை பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மூன்று தடவை நடக்கவிட்டார்கள். நான்காவது தடவை நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். லீவு போட மகனோ மகளோ இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று வரிசையில் நின்றபோது யோசித்தேன். எனக்கு முன்னால் அப்படி இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம், எதிர்வீட்டுப் பெரியப்பா. மகன் வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த காது மெஷின் வாங்கி அனுப்பினான். அது பீரோவிலேயே கிடந்தது. கேட்டதற்கு, "மாட்டிக்கிட்டு யாரு பேசுறதக் கேக்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். ஆரம்பித்து வைத்தது அம்மாதான். கண் தெளிந்த பிறகு அவளால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அங்கே மாத்திரைக் கணக்கிலிருந்து மருமகள் கணக்கு வரை எல்லாம் ஓடும். போன வாரம் அந்தப் பக்கமாகப் போனேன். பெரியப்பா காதில் மெஷின் இருந்தது. யாரோ சொன்ன ஊர்வம்புக்கு எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, "என்ன சொன்னான், என்ன சொன்னான்?" என்று பேட்டரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.