பையில் அச்சடித்த முகம்

2025 ஜூலை வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்கு நிவாரணப் பை வந்தது. மூன்று கிலோ அரிசி, நான்கு மத்தி மீன் டின்கள், நூடுல்ஸ், காபித்தூள் பொட்டலங்கள். பையின் இரண்டு பக்கமும் ஓர் அரசியல்வாதியின் சிரித்த முகம். என் லோலா, அதாவது பாட்டி, சாமான்களை எடுத்து வைத்துவிட்டு அந்தப் பையைச் சேறு போகக் கழுவிக் கொடியில் காயப்போட்டார். முகம் கசங்கக்கூடாது என்று நீவிவிட்டார்.

அந்தக் காட்சி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

பிலிப்பைன்ஸின் புலாகான் மாகாணத்தில் ஹாகோனோய் எங்கள் ஊர். மழையே இல்லாத நாளிலும் கடல் ஏறினால் தெருவில் தண்ணீர் நிற்கும். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 54,500 கோடி பெசோ என்று அதிபரே அறிவித்தார். அதில் பல பணிகள் காகிதத்தில் மட்டும் முடிந்திருந்தன. எங்கள் மாகாணத்திலும் அப்படித்தான். கரை கட்டும் பணத்தைத் தின்றார்கள், கரை இல்லாததால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, பிறகு அரிசிப் பையோடு வாசலில் வந்து நின்றார்கள். நாங்கள் நன்றி சொன்னோம்!

ஏன் சொன்னோம்? இதற்குத்தான் பலரும் தப்பான பதில் சொல்கிறார்கள். மணிலாவில் படித்தவர்கள் ஏழை வாக்காளரைக் கேலி செய்ய ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'போபோதாந்தே', மூளையில்லாத வாக்காளர். 2022 அதிபர் தேர்தலில், முன்னாள் சர்வாதிகாரி மார்கோஸின் மகன் 3 கோடிக்கும் மேல் வாக்கு வாங்கி வென்றபோது அந்தச் சொல் எங்கும் பறந்தது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றி எரிகிறது. என் லோலா மூளையில்லாதவர் அல்லர். 1986 பிப்ரவரியில் அந்தச் சர்வாதிகாரியை விரட்டிய மக்கள் எழுச்சியில், மணிலாவின் எத்சா சாலையில் பீரங்கி வண்டிகளுக்கு முன்னால் நின்றவர், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு ரொட்டி நீட்டியவர் அவர்.

அவரைக் கட்டிப்போட்டிருப்பது வேறொன்று. எங்கள் மொழியில் அதற்கு 'உதாங் நா லோஓப்' என்று பெயர். உதாங் என்றால் கடன், லோஓப் என்றால் உள்ளம். செஞ்சோற்றுக் கடன் மாதிரி, வட்டி கட்டித் தீர்க்க முடியாத கடன். அது இல்லாதவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய வசவு எங்களிடம் இல்லை.

தாத்தா சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தபோது பில் கட்ட வழியில்லை. அரசிடம் ஏழை நோயாளிகளுக்கான நிதி இருக்கிறது. ஆனால் அது கைக்கு வர ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்தில் உறுதிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. லோலா விடியற்காலை நான்கு மணிக்கே போய் வரிசையில் நின்று, ஒரு கடிதத்தோடு திரும்பினார். தாத்தா இன்னும் ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதத்துக்காக அந்த அரசியல்வாதியின் குடும்பத்துக்கு லோலா இன்றுவரை வாக்களிக்கிறார். அப்பாவுக்குப் போட்டார், மகனுக்குப் போட்டார், இப்போது மருமகள் நிற்கிறாள். மக்களின் நன்றியுணர்வைப் பயிர் வைத்து அறுவடை செய்கிறார்கள். என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

வாரிசு அரசியலைத் தடை செய்ய வேண்டும் என்று எங்கள் 1987 அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் வாரிசு யார் என்று வரையறுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வாரிசுகள், எப்படி இயற்றுவார்கள்? 2016இல் 'சங்குனியாங் கபாதான்' என்னும் ஊர் இளைஞர் மன்றத்துக்கு மட்டும் அந்தத் தடை வந்தது. பதவியில் இருப்பவரின் பிள்ளை அதே ஊரில் இளைஞர் மன்றத்துக்கு நிற்க முடியாது. மேயர் பதவிக்கு நிற்கலாம்.

2025 ஜூலையில் அதிபர் நாடாளுமன்றத்தில் நின்று, திருடியவர்களைப் பார்த்து "கொஞ்சமாவது வெட்கப்படுங்கள்" என்றார். வெட்கம் எங்கள் பண்பாட்டில் பெரிய சொல்தான். ஆனால் வெட்கப்படுவது எப்போதும் வரிசையில் நிற்பவர்கள்தான். அரசு மருத்துவமனையில் ஏழைக்கு வைத்தியம் எந்தக் கடிதமும் இல்லாமல், எவர் முகமும் பார்க்காமல் கிடைக்க வேண்டும். சுகாதாரத் துறை நேரடியாக நடத்தும் மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் இனி பில் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள், நல்லது. எல்லா ஊர் மருத்துவமனைக்கும் அது வரட்டும்.

செப்டம்பர் 21 அன்று ஊழலை எதிர்த்த பேரணிக்கு நானும் எத்சாவுக்குப் போனேன். 1972இல் மார்கோஸின் இராணுவச் சட்டப் பிரகடனம் தாங்கிய அதே தேதி. இரவு திரும்பியபோது லோலா சோறு வைத்துக்கொண்டு காத்திருந்தார். மத்தி மீன் டின்னை எடுத்து, இதை நாம் கடையில் வாங்கினால் விலையின் மேல் 12 சதவீதம் வரி போகிறது, பையில் வந்ததும் கடிதத்தில் வந்ததும் அந்தப் பணம்தான் என்று சொன்னேன்.

"அப்படியானால் உன் தாத்தாவின் மருந்துக்கு நாமே கொடுத்தோமா?"

"ஆமாம், லோலா."

அவர் வெகுநேரம் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்தார். பிறகு கொடியில் கிடந்த பையை எடுத்து, முகம் உள்பக்கம் போகும்படி மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தார்.