சாப்ஸ்டிக் தராதது குறையே இல்லை

"சாப்ஸ்டிக் கூட வைக்கல, இதெல்லாம் தாய் உணவகமா?" என்று இந்தப் புதுத் தாய்லாந்து உணவகத்தைப் பற்றி ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார். அது தவறு. தாய்லாந்தில் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார்கள். வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் இருக்கும் முள்கரண்டி உணவை ஸ்பூனில் தள்ளிவிடத்தான், வாய்க்குப் போகாது. சாப்ஸ்டிக் பெரும்பாலும் நூடுல்ஸ் சூப்புக்கு.

அங்கே நானும் சாப்பிட்டேன், ஏமாற்றம்தான். ஆனால் காரணம் சமையல். பாட் தாய் என்ற தாய்லாந்து வறுத்த நூடுல்ஸுக்குப் புளி, வெல்லம், மீன் சாஸ் மூன்றும் சேர்ந்துதான் ருசி தர வேண்டும். தட்டில் வந்ததில் புளிப்பே இல்லை, தக்காளி கெச்சப்பின் தித்திப்புதான். பாட் கிரபாவ் என்ற இறைச்சி வறுவல் இன்னும் மோசம். அதன் உயிரே துளசி, நம் வீட்டு மாடத்தில் வளர்க்கும் அதே செடியினம். இவர்கள் கொத்தமல்லித் தழையைத் தூவிக் கொடுக்கிறார்கள். புகார் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள், புதுக் கடை, திருத்திக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.